2.8 வோல்ட் எங்கே போனது?

தடைக்காலத்தில் மூன்றாவது வாரம் அது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் கிழக்குக் கரையில் விசைப்படகுகள் தொழிலுக்குப் போகக்கூடாது. அந்த நாட்களில் மண்டபம் வடக்குக் கரையில் எங்கு பார்த்தாலும் பலகை மாற்றுவதும் பெயிண்ட் அடிப்பதும் எஞ்சின் பிரிப்பதுமாகத்தான் இருக்கும். என் அக்கா வீட்டுக்காரரும் ஒரு படகுக்குச் சம்மாட்டி, அதாவது சொந்தக்காரர். அவர்தான் போன் செய்தார்.

"மாப்ள, எஞ்சின் வேலை முடிஞ்சிருச்சு. பேட்டரி மட்டும் புதுசு போட்டா இறக்கிரலாம். எது நல்லாருக்கும்?"

"போன வருசந்தான மச்சான் மாத்துனீங்க?"

"ஆமா. அதுவும் போயிருச்சுன்னு கடையில சொல்றாங்க."

என்ன தொந்தரவு என்று விவரமாகக் கேட்டேன். ராத்திரி வலை இழுத்தபின் மீன் பிரிப்பதற்காகத் தளத்து விளக்கைப் போட்டால் அது மஞ்சளாக அழுது வடிகிறது. அந்த நேரத்தில் பக்கத்துப் படகோடு பேச விஎச்எப் ரேடியோவின் மைக்கை அழுத்தினால் ஜிபிஎஸ் அணைந்துவிடுகிறது. கையை எடுத்தால் மறுபடி எழுகிறது, ஆனால் சாட்டிலைட்டைப் பிடிக்க நேரமாகிறது. பெல்ட்டை இறுக்கியாயிற்று, பேட்டரியை ஒருமுறை மாற்றியாயிற்று. அப்படியும் தீரவில்லை.

இது எனக்குச் சின்ன விஷயமாகப் படவில்லை. பாக் நீரிணையில் 1974இலும் மன்னார் வளைகுடாவில் 1976இலும் ஒப்பந்தம் போட்டு வகுத்த இந்திய-இலங்கை எல்லைக்குக் கடலில் கல்லும் கிடையாது, வேலியும் கிடையாது. இருட்டில் அந்தக் கோடு தெரிவது ஜிபிஎஸ் திரையில் மட்டுமே. அந்தத் திரை இரண்டு நிமிடம் அணைந்து கிடந்தால் படகில் இருப்பவர்களுக்கும் கரையில் காத்திருக்கும் என் அக்காவுக்கும் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும்.

இன்னொன்றும் கேட்டேன். "எஞ்சின் எப்படி ஸ்டார்ட் ஆகுது மச்சான்?"

"ஒரே இழுப்புல பிடிச்சிரும்."

அப்போதே பேட்டரிமீது இருந்த சந்தேகம் பாதி போய்விட்டது. ஸ்டார்ட்டர் மோட்டார் இழுப்பது நூற்றுக்கணக்கான ஆம்பியர். அதையே தாங்குகிற பேட்டரி, ஒரு விளக்குக்கும் ஜிபிஎஸ்ஸுக்கும் திணறாது. "பேட்டரி வாங்காதீங்க, ஞாயித்துக்கிழமை வந்து அளந்து பாத்துட்டுச் சொல்றேன்" என்றேன்.

நான் ஐடிஐயில் எலக்ட்ரீஷியன் படித்தவன், வீட்டு வயரிங்தான் தொழில். படகு வயரிங்கில் பெரிய அனுபவம் இல்லை. ஆனால் வோல்ட்டும் ஆம்பியரும் வீட்டிலும் படகிலும் ஒன்றுதான். மல்டிமீட்டரை எடுத்துக்கொண்டேன். என்னிடம் இருந்த கிளாம்ப் மீட்டர் (ஒயரைக் கவ்வி ஆம்பியர் பார்க்கும் கருவி) வீட்டு மின்சாரமான ஏசியை மட்டும் அளப்பது, அதைப் பேட்டரி ஒயரில் மாட்டினால் பூஜ்யம்தான் காட்டும். ராமநாதபுரத்தில் சோலார் வேலை செய்யும் நண்பரிடம் பேட்டரி மின்சாரமான டிசியை அளக்கும் கிளாம்ப் மீட்டரை வாங்கிப் போனேன். படகு வேலைக்கு இது இல்லாமல் போக வேண்டாம். மல்டிமீட்டரின் 10 ஆம்பியர் முனையை வைத்தும் அளக்கலாம், ஆனால் அதற்குச் சுற்றை அறுத்து நடுவே மீட்டரைக் கோக்க வேண்டும். நாம் தேடும் பழுதோ ஒரு இணைப்பில்தான் ஒளிந்திருக்கிறது. அந்த இணைப்பையே கழற்றி மாட்டினால் நிலைமை மாறிவிடும்.

பத்தாம் வகுப்புப் பரீட்சை எழுதிவிட்டு லீவில் இருந்த மருமகன், நோட்டும் பேனாவுமாகக் கூட வந்தான். ஓம் விதி அவனுக்கு மனப்பாடம்.

முதலில் எல்லாவற்றையும் அணைத்துவிட்டுப் பேட்டரியை அளந்தோம். 12.5 வோல்ட். கேபினில் சுவிட்ச் போர்டுக்கு வந்து சேரும் இடத்தில் அளந்தோம். அங்கேயும் 12.5. கடையில் இப்படித்தான் பார்த்திருப்பார்கள், ஒயரில் குறை இல்லை என்று முடிவு கட்டியிருப்பார்கள். மின்னோட்டமே இல்லாதபோது எவ்வளவு மோசமான இணைப்பிலும் வோல்ட் இறங்காது. வால்வை மூடிவிட்டால் பாதி அடைத்த குழாயிலும் அழுத்தம் முழுதாக இருப்பதுபோலத்தான்.

அப்புறம் தளத்து விளக்கு, வழிவிளக்குகள், ஜிபிஎஸ், ஆழம் காட்டும் எக்கோ, விஎச்எப் எல்லாவற்றையும் போட்டோம். எஞ்சின் ஓடவில்லை, பேட்டரி மட்டும்தான். கிளாம்ப் மீட்டர் 8.0 ஆம்பியர் காட்டியது. பேட்டரி முனையில் 12.4 வோல்ட். சுவிட்ச் போர்டில் 9.6!

பேட்டரி இறங்கியது 0.1 வோல்ட் மட்டும். அதை 8ஆல் வகுத்தால் 0.0125 ஓம். பேட்டரிக்குள் இருக்கும் தடை அவ்வளவு சிறியது, ஆக அது நல்ல பேட்டரி. பேட்டரிக்கும் போர்டுக்கும் நடுவில் காணாமல் போனது 2.8 வோல்ட்.

"தடை சமம் வோல்ட் வகுத்தல் ஆம்பியர், 0.35 ஓம் மாமா" என்றான் மருமகன்.

"சரி, வாட்?"

"2.8 பெருக்கல் 8. 22.4 வாட்."

பேட்டரி கொடுப்பது 12.4 பெருக்கல் 8, அதாவது 99 வாட். அதில் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல் வழியிலேயே சூடாகப் போகிறது. பேட்டரி சீக்கிரம் இறங்குவதுபோல மச்சானுக்குத் தோன்றியதில் இதற்கும் பங்கு உண்டு.

0.35 ஓம் முழுவதும் பழுது என்று சொல்லிவிட முடியாது. ஒயருக்கென்று ஒரு தடை இருக்கிறது. போட்டிருந்தது 2.5 ஸ்கொயர் எம்.எம். ஒயர். அந்தத் தடிமனில் இழையாக வரும் தாமிர ஒயருக்குக் கிலோமீட்டருக்குச் சுமார் 8 ஓம். எஞ்சின் அறையிலிருந்து கேபினுக்கு 7 மீட்டர், போகவும் வரவும் 14 மீட்டர். ஆக 0.11 ஓம். 8 ஆம்பியருக்கு 0.9 வோல்ட். மீதி 1.9 வோல்ட்டை விழுங்குவது யார் என்பதுதான் கேள்வி.

மருமகன் நல்ல கேள்வி ஒன்று கேட்டான். "எதுக்கு மாமா இவ்வளவு சுத்து? மீட்டர்ல ஓம் வச்சு ஒவ்வொரு ஜாயிண்டையும் நேரா பாத்தா என்ன?"

பேட்டரியைக் கழற்றிவிட்டு அவனையே பார்க்கச் சொன்னேன். பியூஸ் ஹோல்டரின் இரு பக்கமும் வைத்தான், 0.4 ஓம். மீட்டர் முனைகள் இரண்டையும் ஒன்றோடொன்று ஒட்டி வைத்தான், 0.3 ஓம். மீட்டரின் சொந்த ஒயருக்கே 0.3 இருக்கும்போது கடைசி இலக்கத்தில் வரும் ஒன்றை எப்படி நம்புவது? இன்னொரு மாதிரி அழுத்திப் பிடித்தால் அது 0.3 ஆகிவிடுகிறது, லேசாகப் பிடித்தால் 0.5. வீட்டில் ஹீட்டர் காயிலைப் பார்க்க ஓம் அளவு போதும், அது இருபது, ஐம்பது ஓம் என்று இருக்கும். பத்தில் ஒரு ஓமைத் தேடும்போது உதவாது.

மின்னோட்டத்தை ஓடவிட்டு, இணைப்பின் இரு பக்கமும் எவ்வளவு வோல்ட் விழுகிறது என்று பார்த்து ஆம்பியரால் வகுப்பதுதான் இங்கே சரியான வழி. வோல்ட் அளக்கும்போது மீட்டர் வழியாக ஓடும் மின்னோட்டம் இல்லாததற்குச் சமம். அதனால் மீட்டர் ஒயரின் தடை கணக்கில் நுழையாது. இதே காரணத்தால், 7 மீட்டர் தள்ளி இருக்கும் இரண்டு முனைகளை அளக்க மெல்லிய காலிங் பெல் ஒயரையே நீட்டிப்பாகப் பயன்படுத்தினேன். அளவு கெடாது.

பேட்டரி போஸ்டிலிருந்து தொடங்கினோம். மீட்டர் முனையை, போஸ்டைக் கவ்வியிருக்கும் ஒயர் கிளாம்பின் மேல் வைக்காமல் ஈய போஸ்டின் மேலேயே வைக்க வேண்டும், இல்லாவிட்டால் போஸ்டுக்கும் கிளாம்புக்கும் நடுவே உள்ள பழுது அளவில் சிக்காது. மருமகன் எழுதிய கணக்கு இது:

பாசிட்டிவ் போஸ்ட் முதல் கிளாம்ப் வரை 0.05 வோல்ட்.
பியூஸ் ஹோல்டர் 1.10 வோல்ட்.
பாசிட்டிவ் ஒயர் 0.45 வோல்ட்.
நெகட்டிவ் ஒயர், ஜாயிண்ட் நீங்கலாக, 0.45 வோல்ட்.
நெகட்டிவ் ஒயரின் நடு ஜாயிண்ட் 0.75 வோல்ட்.

கூட்டினால் 2.80. முழுதாக அளந்ததும் துண்டு துண்டாக அளந்ததும் ஒன்றாக வந்தபோது மருமகன் முகத்தில் வந்த சந்தோஷத்தைப் பார்த்திருக்க வேண்டும். எனக்கும் அதே சந்தோஷம்தான். கூட்டுத்தொகை வரவில்லை என்றால் எங்கோ ஒரு இடத்தை விட்டுவிட்டோம் என்று பொருள், திரும்பப் போய்த் தேடவேண்டும்.

ஒயர் 0.9 வோல்ட், கணக்குப் போட்டபடியே. குற்றவாளிகள் இரண்டு. பியூஸ் ஹோல்டரின் தடை 1.10 வகுத்தல் 8, அதாவது 0.14 ஓம். அதில் எரிவது 8.8 வாட். ஜாயிண்ட் 0.09 ஓம், 6 வாட்.

8.8 வாட் என்று காகிதத்தில் பார்த்தால் ஒன்றும் தெரியாது. என் சால்டரிங் அயர்ன் 25 வாட். அதில் மூன்றில் ஒரு பங்குச் சூடு, கட்டைவிரல் அளவு பிளாஸ்டிக் டப்பாவுக்குள். மைக்கை அழுத்தும்போது விஎச்எப் கூடுதலாக 5 ஆம்பியர் இழுக்கும், மொத்தம் 13. சூடு ஆம்பியரின் வர்க்கத்தில் ஏறும்: 13 பெருக்கல் 13 பெருக்கல் 0.1375, ஏறக்குறைய 23 வாட். பேசுகிற நேரம் முழுக்க டீசல் வாடை அடிக்கும் எஞ்சின் அறையில் ஒரு சால்டரிங் அயர்ன் காய்ந்துகொண்டிருக்கிறது. ஹோல்டரைக் கழற்றிப் பார்த்தால் பிளாஸ்டிக் பழுப்பேறி ஒரு பக்கம் இளகியிருந்தது. மச்சானிடம் காட்டினேன். கொஞ்ச நேரம் அவர் பேசவேயில்லை.

ஜிபிஎஸ் ஏன் அணைந்தது என்பதும் இதே கணக்கில் வந்துவிட்டது. 13 ஆம்பியர் பெருக்கல் 0.35 ஓம், 4.55 வோல்ட் வழியில் போய்விடும். பேட்டரி 12.3 என்றால் போர்டுக்கு வருவது 7.75. ஜிபிஎஸ்ஸின் பின்புறச் சீட்டில் குறைந்தது 9 வோல்ட் வேண்டும் என்று போட்டிருந்தது. மைக்கை அழுத்திச் சோதித்தும் பார்த்தோம். 16ஆம் சேனல் அவசர அழைப்புக்கு உரியது, அதில் இந்தச் சோதனை செய்யக்கூடாது. வேறு சேனலுக்கு மாற்றி இரண்டு நொடிதான் அழுத்தினோம். மீட்டர் 7.9க்கு இறங்கியது, ஜிபிஎஸ் கண்ணை மூடியது. வோல்ட் இறங்கும்போது விளக்குகள் இழுப்பதும் கொஞ்சம் குறையும், அதனால் கணக்கைவிட அளவு சற்று மேலே நின்றது.

வீட்டு வயரிங் செய்கிறவர்கள் படகில் கை வைக்கும்போது ஏமாறுவது இங்கேதான் என்று நினைக்கிறேன். இந்தப் படகின் வயரிங்கும் யாரோ வீட்டு வேலைப் பழக்கத்தில் செய்ததுபோலத்தான் இருந்தது. 230 வோல்ட்டில் 0.9 வோல்ட் குறைந்தால் யாருக்கும் தெரியாது. 12 வோல்ட்டில் அது ஏழு சதவீதத்துக்கு மேல். தவிர, அதே வாட்டைக் கொடுக்க 12 வோல்ட்டில் 19 மடங்கு ஆம்பியர் ஓடவேண்டும். ஒரே ஒயரில் சூடு 19 பெருக்கல் 19, அதாவது 361 மடங்கு. வீட்டில் 100 வாட் பல்புக்கு நாம் யோசிக்காமல் போடும் ஒயர், படகில் அதே 100 வாட்டுக்குப் போதாது.

இனி ஜாயிண்ட். கேபின் தரைப் பலகைக்குக் கீழே, யாரோ நீளம் போதாமல் ஒயரை முறுக்கி டேப் சுற்றியிருந்தார்கள். டேப்பைப் பிரித்ததும் தண்ணீர் வந்தது. உள்ளே பச்சைக் களிம்பு. இன்சுலேஷனை உரித்தால் தாமிரம் கறுத்துக் கிடக்கிறது. ஒரு சாண் வெட்டினேன், கறுப்பு. இன்னொரு சாண், அப்போதும் கறுப்பு. இழை ஒயரில் உப்புத் தண்ணீர் திரியில் எண்ணெய் ஏறுவதுபோல உள்ளேயே ஏறிக்கொண்டு போகும். நல்ல ஜாயிண்ட் போட நல்ல செம்பே மிச்சம் இல்லை. முழு ஒயரையும் மாற்றுவது என்று அங்கேயே முடிவு செய்தோம். பழுது பார்க்கிறவர்கள் பெரும்பாலும் பிளஸ் பக்கத்தையே பார்ப்பார்கள். போன மின்னோட்டம் அத்தனையும் நெகட்டிவ் வழியாகத்தான் திரும்ப வேண்டும், அங்கே விழும் வோல்ட்டும் அதே வோல்ட்தான்.

புது ஒயர் 6 ஸ்கொயர் எம்.எம்., வெள்ளீயம் பூசிய தாமிர இழை. கிலோமீட்டருக்குச் சுமார் 3.3 ஓம், 14 மீட்டருக்கு 0.046. சாதாரணத் தாமிர ஒயரும் அதே அளவுதான் கடத்தும், விலையும் குறைவு. ஆனால் இந்தக் கரையில் சைக்கிள் கைப்பிடி எத்தனை மாதத்தில் துரு ஏறுகிறது என்று எல்லோரும் பார்க்கிறோம். நடுவில் ஜாயிண்டே இல்லாமல் ஒரே நீளமாக இழுத்தேன். முனைகளில் லக் என்னும் உலோக வளையம் வைத்து, அதற்கான கருவியால் நெரித்து, பசை உள்ள ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் போட்டுச் சூடு காட்டினேன். ஈயம் வைத்துப் பற்றவைக்கலாமே என்று பக்கத்துப் படகு டிரைவர் அண்ணன் கேட்டார். எஞ்சின் அதிர்வில் ஈயம் ஏறி விறைத்த இடத்தின் ஓரத்தில் இழைகள் ஒவ்வொன்றாக முறியும், அதனால் நெரித்த லக்கையே நம்புகிறேன். புது பியூஸ் ஹோல்டர் மூடியுள்ள வகை, 20 ஆம்பியர். பேட்டரிக்குப் பக்கத்திலேயே, ஆனால் அடித்தண்ணீர் தெறிக்காத உயரத்தில் வைத்தேன். பேட்டரி போஸ்டைச் சுரண்டிப் பளபளப்பாக்கி, இறுக்கியபின் மேலே வாஸலின் தடவினேன். இறுக்குவதற்கு முன்னால் தடவக்கூடாது.

திரும்ப எல்லாவற்றையும் போட்டோம். பேட்டரியில் 12.3, போர்டில் 11.85, மின்னோட்டம் 8.7 ஆம்பியர். விழுவது 0.45 வோல்ட், தடை 0.052 ஓம், வீணாவது 3.9 வாட். மைக்கை அழுத்தினால் 11.5க்கு மேல்தான் நிற்கிறது. ஜிபிஎஸ் அசையவில்லை.

மருமகனுக்கு ஒரு சந்தேகம். பழுதை எடுத்தபின் ஆம்பியர் ஏன் கூடியது? வழியில் இருந்த தடை குறைந்ததால் விளக்குக்கு வோல்ட் கூடிற்று, அது தன் பங்கை முழுதாக இழுக்கிறது. தளத்து விளக்கு 12 வோல்ட், 55 வாட் ஹாலஜன். அதன் தடை 12 பெருக்கல் 12 வகுத்தல் 55, அதாவது 2.6 ஓம். பல்பைக் கழற்றி ஓம் மீட்டரில் வைத்தால் 0.5தான் காட்டுகிறது, அதிலும் 0.3 மீட்டர் ஒயருடையது. டங்ஸ்டன் இழை குளிர்ந்திருக்கும்போது தடை பத்தில் ஒரு பங்குக்கும் கீழே, எரிந்து காயும்போதுதான் 2.6. பாடப்புத்தகத்தில் வெப்பநிலை மாறாதபோது என்று ஒரு வரி வருமே, அந்த வரி எதற்காக என்று அவனுக்கு அன்றைக்குத்தான் புரிந்தது. 9.6 வோல்ட்டில் அந்த விளக்கு தன் வெளிச்சத்தில் பாதிகூடத் தந்திருக்காது; இழை சரியாகக் காயாததால்தான் அந்த மஞ்சள்.

எல்இடி விளக்கு போட்டால் 20 வாட்டில் இதே வெளிச்சம் கிடைக்கும், 4.6 ஆம்பியர் 1.7 ஆகிவிடும் என்று சொன்னேன். மச்சானுக்குச் சம்மதம். ஆனால் மலிவான எல்இடி சில விஎச்எப்பில் இரைச்சலைக் கிளப்பும். வாங்குவதற்கு முன் ஒன்றைப் பேட்டரியில் மாட்டி, ரேடியோ பக்கத்தில் வைத்துக் கேட்டுவிட்டுத்தான் வாங்கவேண்டும்.

சுவிட்ச் போர்டு கதவின் உள்பக்கம் மருமகன் பெயிண்டால் எழுதி வைத்தான்: 12.3, 11.85, 8.7. அடுத்து யார் பழுது பார்த்தாலும் அதே விளக்குகளைப் போட்டு, இந்த மூன்றையும் அளந்தால் போதும்.

ஜூன் 14 நள்ளிரவோடு தடை முடிந்து படகு இறங்கியது. ஆடியில் ஒருநாள் கரையில் நின்றபோது போய் அளந்தேன். பேட்டரி 12.3, போர்டு 11.82. அந்த 0.03 வோல்ட் எங்கே என்று தேடியதில் கேபின் பக்க நெகட்டிவ் லக்கின் நட்டு அதிர்வில் சற்றுத் தளர்ந்திருந்தது. ஸ்பிரிங் வாஷர் போட்டு இறுக்கினேன், 11.85 திரும்ப வந்தது. பாய்மரத்து உச்சி விளக்குக்குப் போகும் ஒயர் மட்டும் இன்னும் பழையது. வாடைக்காற்று தொடங்குவதற்குள் அதையும் மாற்றவேண்டும். 9 மீட்டர் ஒயர் வாங்கி வைத்திருக்கிறேன், மச்சான் எப்போது கூப்பிட்டாலும் போகலாம்.